அந்த ஒரே டெலிபோன் லைன்

பிள்ளைகளே, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களை இணைக்கும் சுவிட்ச் பெட்டிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதன் கடலூர் கிளையில் உள்ள பெட்டி மக்கர் செய்தால், சிதம்பரத்தில் இருந்தபடியே டெலிபோன் லைன் வழியாகச் சரிசெய்வேன்; முடியும்வரை அந்த லைனுக்கு வேறு யாரும் கூப்பிட முடியாது.

புயலடித்த அன்று கடலூரில் கரண்ட் இல்லை, செல்போனும் எடுக்கவில்லை. பேட்டரியில் ஓடிய பெட்டியும் கோளாறானது. அங்கே வேலைபார்த்த செல்வம், அறுந்துபோகாமல் இருந்த ஒரே டெலிபோன் லைனில் கூப்பிட்டான்.

"மச்சான், ஆபரேஷனுக்கு ஒரு அம்மா காத்திருக்காங்க. ரிப்போர்ட் தொறக்க மாட்டேங்குது. பேட்டரி தீர்றதுக்குள்ள முடி."

"குறிஞ்சிப்பாடியில அப்பாவுக்கு ரொம்ப முடியலன்னியே? தங்கச்சி இந்த நம்பருக்குத்தான கூப்பிடும்?"

"எங்கப்பன் என்னைத் திட்டாம போவமாட்டாரு. நீ லைன எடுத்துக்க."

வேலை முடிந்தது. அந்த அம்மாவும் பிழைத்தார்.

செல்வத்தின் அப்பா இறந்த துக்க வீட்டில் அவன் தங்கச்சி கதறியது: "அப்பா உன் குரலக் கேக்கணும்னாரு. போட்டுக்கிட்டே இருந்தேன், எங்கேஜ்டாவே இருந்துச்சு. அவ்ளோ நேரம் யார்கூடண்ணா பேசின?"

செல்வம் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் பேசலம்மா" என்றான்.

இப்போதெல்லாம் ஒரு லைனை எடுக்குமுன், அங்கே யாராவது போனுக்குக் காத்திருக்கிறார்களா என்று கேட்கிறேன்.