கழுவிக் கொடுத்த போன்

செய்தி அவருடைய எண்ணிலிருந்தே வந்தது. அம்பாசமுத்திரத்தைத் தாண்டி ரயில் வேகமெடுத்திருந்தது. எங்கள் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் ‘மரகதம் அக்கா’ என்ற பெயருக்குக் கீழே, ‘அம்மா இன்னைக்கு காலைல இறந்துட்டாங்க’ என்று இருந்தது. மகள் பிரியா அம்மாவின் போனிலிருந்தே எழுதியிருந்தாள். யாரோ பதற்றத்தில் அதற்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தைப் போட்டு, உடனே நீக்கியும் விட்டார்கள். அக்கா பார்த்திருந்தால் யாரென்று கண்டுபிடித்து ஒரு வாரம் கேலி செய்திருப்பார். ஆழ்வார்குறிச்சியில் இறங்கும்வரை அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன பதில் எழுதுவது, அதுவும் யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை.

பள்ளி அலுவலகத்தில் அவர் இளநிலை உதவியாளர். வருகைப் பதிவேடும் மாற்றுச் சான்றிதழும் அவர் பொறுப்பு. ஆனால் இதைப் படிக்கும் எங்கள் பள்ளிக்காரர்கள் பலருக்கு அவரைத் தெரிந்தது போன் மூலமாகத்தான். போனில் என்ன கோளாறு என்றாலும் நாங்கள் முதலில் போவது அவரிடம். முன்பின் தெரியாத ஓர் ஆணிடம் போனைத் திறந்து கொடுத்துவிட்டுக் கடை வாசலில் காத்திருக்கப் பெண்களான எங்களில் யாருக்கும் மனம் வராது. அது அக்காவுக்குத் தெரியும். அதனாலேயே அவரும் யார் போனையும் கையில் வாங்கமாட்டார். மேசையில் வைக்கச் சொல்லி எதிரே உட்கார்ந்துகொள்வார். “நீயே அமுக்கு” என்பார். திரை அவருக்குத் தலைகீழாகத்தான் தெரியும். எந்தப் பக்கத்தில் எது இருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம்.

சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் பேச்சியம்மாள் ஒருநாள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“எக்கா, போனு நெறஞ்சு போச்சுங்குது. நான் அதுல ஒண்ணுமே போடலியே.”

“நீ போடலட்டி. ஊரே போட்டிருக்கு. எத்தனை பூவு, எத்தனை காலை வணக்கம்னு நீயே பாரு. எல்லாத்தையும் அழி.”

பேச்சியம்மாள் பூக்களை அழித்தார். சாமி படங்கள் வந்ததும் விரல் நின்றுவிட்டது. “சாமிய எப்படிக்கா அழிக்க?”

“சாமி கோயில்ல இருக்கு. இங்கன இருந்துச்சுன்னா உம் பேரன் போட்டோவுக்கு இடமில்ல.”

“அவன் பொறவு பொறந்தவன்தான. சாமி முன்னாடியே இருக்குல்லா.”

மறுநாள் வரும்போது அக்கா ஒரு மெமரி கார்டு வாங்கி வந்தார். பேச்சியம்மாளின் விரலாலேயே எல்லாச் சாமிகளையும் அதில் குடிவைத்தார்.

எனக்குப் போன் வாங்கத் திருநெல்வேலிக்கு அவரும் வந்தார். கேமராவைப் பற்றிக் கடைக்காரர் சொல்லிக்கொண்டே போனார். அக்கா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அண்ணாச்சி, இதுல எது அடிக்கடி ரிப்பேருக்குத் திரும்பி வருது? அத மட்டும் சொல்லுங்க” என்றார்.

“ஏவாரத்தக் கெடுக்கவா வந்திய?” என்று அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இரண்டு போன்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

மிச்சமிருந்ததில் ஒன்றில் என் சிம்மைப் போடச் சொன்னார். என்னை பஸ்கள் இரைந்து போகும் சாலை ஓரத்தில் நிறுத்தினார். கடைக்குள் போய் அங்கிருந்து என்னைப் போனில் கூப்பிட்டு, “கேக்குதா டீச்சர்?” என்றார். கேட்டது. “அப்ப இத எடுங்க. போன் பேசுததுக்கு. மத்ததெல்லாம் மேற்கொண்டு கெடைக்கது” என்றார். அந்தப் போனில்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

அவருக்கு இரண்டு விஷயங்களில் பிடிவாதம் உண்டு. படங்களையும் குரல்பதிவுகளையும் இணையத்தில் சேமித்து வைப்பது அவருக்குப் பிடிக்காது. “நம்ம வீட்டுச் சாமான அடுத்தவன் பரண்ல எதுக்குப் போடணும்?” என்பார். இன்னொன்று, போன் கைமாறுகிறதென்றால் ஒன்றுவிடாமல் அழித்துவிட்டுத்தான் கொடுக்கவேண்டும். அதைக் கழுவுவது என்பார். பழைய போனைத் தம்பிக்குக் கொடுத்த ஓர் ஆசிரியை, அதிலிருந்த தன் அந்தரங்கச் செய்திகளை வீடே படித்துவிட்டதென்று அக்காவின் முன்னால் அழுதிருக்கிறார். அதற்குப் பிறகு, “சொந்தத் தங்கச்சிக்குன்னாலும் கழுவித்தான் குடுக்கணும்” என்பது எங்கள் அலுவலகத்தில் சட்டமாகிவிட்டது.

நோய் என்னவென்று தெரிந்து நான்கே மாதம்தான் இருந்தார். இரண்டு முறை போய்ப் பார்த்தேன். இரண்டு முறையும் பரீட்சை வேலைகளைப் பற்றியே கேட்டார்.

பதினாறாம் நாள் காரியத்தன்று, இறந்தவர் புழங்கிய சாமான்களைப் பங்கிட்டுக் கொடுப்பது அவர்கள் வீட்டு வழக்கம். அதற்கு முந்தின நாள் மதியம் அவர் கணவர் சுப்பையா அண்ணாச்சி தன் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டார். வயலே உலகமென்று இருப்பவர். போனில் பேசுவதோடு சரி.

“டீச்சர், சேலையெல்லாம் எடுத்து வச்சாச்சு. அவ போன எந் தங்கச்சிக்குக் குடுக்கலாம்னு இருக்கேன். கழுவாமக் குடுத்தா அவ ஏசுவா. எப்படிக் கழுவணும்னு சொல்லுங்க.”

“போட்டோவெல்லாம் எடுத்தாச்சா, அண்ணாச்சி?”

“பிள்ளை நேத்தே கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா.”

எனக்கு அது போதுமானதாக இருந்தது. அக்கா சொல்லியிருக்கக்கூடியதை அக்கா இல்லாதபோது நான் சொல்கிறேன் என்பதில், இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஒரு சிறு பெருமைகூட இருந்தது. எங்கே தொடவேண்டும், எதுவரை தள்ளவேண்டும் என்று பைய, அவசரமில்லாமல், ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் திரையில் வந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“எல்லாம் அழிஞ்சிரும், சம்மதமான்னு கேக்குது டீச்சர்.”

“சரின்னு கொடுங்க அண்ணாச்சி” என்றேன்.

நான்கு நாள் கழித்துப் பிரியா பள்ளிக்கு வந்தாள். அத்தையிடமிருந்து அந்தப் போனை வாங்கிக் கையில் வைத்திருந்தாள். எங்கள் பள்ளியிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண். நூலகத்தில் என் எதிரே உட்கார்ந்தாள்.

“நோவு வந்த பொறவு அம்மா மத்தியானம் மாடி அறையில கதவ அடச்சிட்டுப் பேசிட்டே இருப்பா, டீச்சர். யார்கிட்டம்மா பேசுதன்னு கேட்டா, ஒங்கிட்டதான், பொறவு கேளுன்னு சொல்லுவா. போன்ல பதிஞ்சு வச்சிருக்கான்னு தெரியும். அப்ப கேக்க எனக்குப் பயமா இருந்துச்சு. போட்டோ ஏத்துனப்ப அதுவும் சேந்து வந்திருக்கும்னு நெனச்சேன்.”

படங்கள் மட்டும்தான் வந்திருந்தன. குரல்பதிவுகள் வேறொரு இடத்தில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். நான் அண்ணாச்சியிடம் கேட்டது படங்களைப் பற்றி மட்டும்.

அக்காவின் இணையக் கணக்கைத் திறந்து பார்த்தோம். பரணில் எதையும் போடாதவர் எதையும் போட்டிருக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை அக்காவின் போனோடு திருநெல்வேலியில் மூன்று கடைகள் ஏறி இறங்கினேன். முதல் இரண்டு கடைகளில் பார்த்ததுமே முடியாது என்றார்கள். மூன்றாவது கடைக்காரர் கொஞ்ச நேரம் முயன்றுவிட்டு, “இந்தக் காலத்துப் போனுல அழிச்சா அழிச்சதுதாம்மா. முறையா அழிச்சிருக்கீங்க. பாதி பேருக்கு இது தெரியாது” என்று பாராட்டினார். இதற்கு மேல் ஏதாவது வழி உண்டா என்று கேட்க எனக்குத் தெரிந்திருந்த ஒரே ஆள் மரகதம் அக்கா.

பிரியாவிடம் சொன்னேன், நான்தான் அழிக்கச் சொல்லிக்கொடுத்தேன் என்று. “அப்பா சொன்னாங்க” என்றாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு ஏதாவது செய்வதற்கு இருந்திருக்கும்.

என் போனைத் தேடினேன். அக்கா குரலில் எனக்கு அனுப்பியது ஒன்றே ஒன்று கிடைத்தது. அதைப் போட்டேன். “டீச்சர், நாளைக்கு ரயிலு கால் மணி நேரம் முந்தியாம். பைய எந்திரிச்சு வராதீங்க. தோசை ஒங்களுக்கும் சேத்து நான் கொண்டாரேன்.” பின்னால் ஒரு குக்கர் விசில் சத்தம். அவ்வளவுதான்.

பிரியா மறுபடி போடச் சொன்னாள். மூன்றாவது முறையும் கேட்டாள். நான் உனக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம் டீச்சர். இது ஒங்ககிட்டச் சொன்னது” என்றாள். அம்மாவின் போனைப் பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

அக்கா என்னிடம் விட்டுப்போனது அந்தப் பன்னிரண்டு விநாடி. அதை வைத்திருக்கிறேன். அந்தப் பெண் போன பிறகு நான் அதைக் கேட்கவில்லை.