நான்காம் நம்பர் பலகையின் டயோடு

பட்டாபிராமன் தன்னைப் பற்றிப் பேச்சு வந்தால், "கரும்பலகையில மட்டும் நான் பெரிய கில்லாடி" என்பார். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் பதினாலு வருஷமாக இயற்பியல் ஆசிரியர். வருஷம் தவறாமல் டயோடு பாடம் வரும். ஒரு முக்கோணம், அதன் மூக்கு நுனியில் ஒரு குறுக்குக் கோடு. இந்தப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவார்.

பாடம் நடத்துவதில் மனுஷர் சூரர். "சுத்தமான சிலிக்கான்ல கரன்டைக் கடத்த ஆளே கிடைக்காது. துளி பாஸ்பரஸ் கலந்தா எலக்ட்ரான் மிச்சமாகும், அது என் டைப். போரான் கலந்தா எலக்ட்ரான் குறைஞ்சு காலி இடம் விழும், அது பி டைப்." காலி இடம் எப்படி நகரும் என்று ஒருத்தன் கேட்பான். அதற்காகவே காத்திருந்தவர் போல டவுன் பஸ்ஸை வகுப்புக்குள் ஓட்டிவருவார். "முன் சீட்டுல ஒருத்தர் எந்திரிச்சா பின்னாடி இருக்கவர் அங்க மாறுவார். அவர் சீட்டுக்கு அதுக்கும் பின்னாடி இருக்கவர். ஆள் முன்னாடி வர வர, காலி சீட்டு பின்னாடி போகுதுல்ல? அதான் ஹோல்." பி-யும் என்-னும் சேரும் இடத்தில் இரண்டும் கலந்து தீர்ந்து, நடுவில் ஒரு வேலி விழும். பி பக்கம் பாசிட்டிவ் கொடுத்தால் வேலி மெலியும்; சுமார் 0.7 வோல்ட் தாண்டியதும் கரன்ட் பாயும். திருப்பிக் கொடுத்தால் வேலி தடிக்கும், கரன்ட் நின்றுவிடும். ஏ.சி.யை டி.சி.யாக மாற்றுவது இந்த ஒருவழிப் பாதைதான். மாணவர்கள் அவருக்கு 'டயோடு சார்' என்று பேர் வைத்தார்கள். அதில் அவருக்குப் பெருமைதான்.

அந்தப் பெருமைக்கு 1998 ராமநவமியில் வந்தது வினை. அவர் மனைவி ஸ்யாமளா கே.கே. நகர் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறவள். பதினோரு வருஷம் அடுத்தவர்களை மேடையேற்றிவிட்டு, இப்போதுதான் தனக்கென்று ஒரு சபையில் அரைமணி நேரம் கிடைத்திருந்தது, ஞாயிறு மாலை நாலு மணிக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளுடைய சுருதிப் பெட்டி ஊமையாகிவிட்டது. தம்புராவுக்குப் பதிலாகக் கரன்டில் ஒலிக்கும் பெட்டி அது; அது இல்லாமல் அவளுக்குப் பாட வராது.

வீட்டில் இருவரும் சௌராஷ்டிர பாஷைதான் பேசுவார்கள். கோபமோ கவலையோ முற்றினால் மட்டும் ஸ்யாமளா தமிழுக்கு மாறிவிடுவாள். அன்று தமிழில்தான் கேட்டாள்.

"ஏங்க, சிம்மக்கல்ல ரேடியோ கடை மலைச்சாமி அண்ணன்கிட்ட கொடுத்துட்டு வந்துருவோமா?"

"டயோடு பாடம் எடுக்குறவன் வீட்டுப் பெட்டி ரேடியோ கடைக்குப் போறதா? வெளிய தெரிஞ்சா என்ன நெனப்பாய்ங்க?"

பெட்டியைத் திறந்தார். உள்ளே நாலு டயோடில் ஒன்று கருகியிருந்தது. லாட்டரி விழுந்தது போலச் சந்தோஷப்பட்டு அதை வெட்டி எறிந்தார். எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கவனிக்கவில்லை; மற்ற மூன்றும் ஆளுக்கொரு திசை பார்த்து இருந்தன. வேறொரு கடைக்குப் போய்ப் புதிது வாங்கிவந்து உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறுப்பாக, நெல்மணி அளவில் ஒன்று. ஒரு முனையில் வெள்ளி வளையம். முக்கோணத்தைக் காணோம். பி, என் என்று எழுதியிருக்கவும் இல்லை. பதினாலு வருஷத்தில் அவர் ஒரு டயோடைக் கையால் தொட்டதே கிடையாது. ஆய்வகத்தில் அது மரப்பலகைக்குப் பின்னால் மூடிக் கிடக்கும். பலகையின் முகத்தில் படம் மட்டும் இருக்கும். இரண்டு வயரைச் சொருகி ரீடிங் எடுத்தால் போதும்.

யோசித்தார். பி-என் என்றுதானே சொல்கிறோம், பி-தானே முதல்? அடையாளம் வைக்கிறவன் முதல் ஆளுக்குத்தான் வைப்பான். எம்.எஸ்ஸி. படித்த மூளை இப்படித்தான் வேலை செய்தது. பற்றவைத்து சுவிட்சைப் போட்டார். சுருதிக்குப் பதில் புகை வந்தது.

"என்னமோ கருகுதே?" என்றாள் ஸ்யாமளா அடுப்படியிலிருந்து.

"புது ஈயம், அப்படித்தான் வாசம் அடிக்கும். இன்னும் ஒரு சின்ன வேலைதான், காலையில முடிச்சிர்றேன்."

மறுநாள் காலை யாருமில்லாத ஆய்வகத்தில், டயோடு சோதனைக்கான நான்காம் நம்பர் பலகையின் பின்மூடியைக் கழற்றினார். வளையம் எந்தப் பக்கம் என்று ஒரு எட்டுப் பார்த்துவிட்டால் போதும், கௌரவம் பிழைத்துவிடும். உள்ளே துருப்பிடித்த இரண்டு வயர் நுனிகளும் ஒரு சிலந்திக் கூடும் இருந்தன. டயோடு இல்லை.

அலமாரியைத் திறந்தார். அங்கே வருஷவாரியாக ரெக்கார்டு நோட்டுகள். எதை எடுத்தாலும் 0.7 வோல்ட், அழகாக வளைந்து ஏறும் கோடு, கீழே சிவப்பு மையில் பட்டாபிராமன் கையெழுத்து. ரீடிங் வரவில்லை என்று ஒருத்தனும் சொன்னதில்லை. சார் 0.7 என்றார், அவன்கள் 0.7 என்று எழுதினான்கள். எவனைத் திட்டலாம் என்று கொஞ்ச நேரம் பார்த்தார். ஆள் கிடைக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னார். "பெட்டிய நான்தான் கெடுத்துட்டேன். டயோடை எந்தப் பக்கம் போடணும்னு எனக்குத் தெரியல."

ஸ்யாமளா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மலைச்சாமி அண்ணன் ஒரு மணிக்குக் கடைய அடைச்சிருவாரு. வண்டிய எடுங்க." தமிழ்தான்.

மலைச்சாமி பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "எவன்ணே இதுல கைய வச்சது?"

ஸ்யாமளா அலமாரியில் இருந்த பழைய ரேடியோக்களை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்ணே" என்றார் பட்டாபிராமன்.

"நல்லவேளை, டிரான்ஸ்பார்மரோட போச்சு. மத்ததெல்லாம் நல்லாருக்கு. இந்தா பாருங்க, இந்த வளையம் கரன்ட் வெளியேறுற பக்கம். படத்துல முக்கோணத்து மூக்குல ஒரு கோடு போடுவாங்கள்ல, அதே கோடுதான்ணே இது." அரைமணியில் வேலையை முடித்து, பெட்டியைப் பாடவைத்துக் கையில் கொடுத்தார். "ஆமா, அண்ணே என்ன வேலை பாக்குறீக?"

பேங்க் என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. ஸ்யாமளா இப்போது ரேடியோவை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள்.

"டயோடு பாடம் எடுக்குறேன்."

மலைச்சாமி விழுந்து விழுந்து சிரித்தார். இம்புட்டு நல்லா ஜோக் அடிக்கிற ஆளைப் பார்த்து வெகுநாள் ஆச்சு என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சபையில் மொத்தம் பதினேழு பேர். பட்டாபிராமன் முன்வரிசையில் உட்கார்ந்து, புகை வாசம் வருகிறதா என்று அரைமணி நேரமும் மூக்கைத் தீட்டிக்கொண்டிருந்தார். பெட்டி பிசிறாமல் ஒலித்தது. ஸ்யாமளா நன்றாகப் பாடினாள் என்று மற்ற பதினாறு பேர் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

திரும்பும்போது மொபெட்டின் பின்னாலிருந்து அவள் கேட்டாள், "எந்தப் பாட்டு நல்லா இருந்துச்சு?" சௌராஷ்டிர பாஷையில் கேட்டாள். அவருக்கு உயிர் வந்தது. அந்த நிம்மதியில் நான்காம் நம்பர் பலகையின் கதையையும் உளறிவிட்டார். அவள் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது.

திங்கட்கிழமை மலைச்சாமி கடையில் வாங்கிய டயோடைப் பலகைக்குப் பின்னால் பற்றவைத்தார், வளையத்தைச் சரியான பக்கம் வைத்து. மாணவர்கள் வருவதற்கு முன் தானே ஸ்டூலில் உட்கார்ந்து, ஆயுளில் முதல் தடவையாக ரீடிங் எடுத்தார். 0.58-லேயே முள் எழுந்துவிட்டது. நோட்டைத் திறந்தார். பழக்கதோஷத்தில் கை பென்சிலால் 0.7 என்று எழுதியது.

ரப்பரைத் தேடி எடுத்து அதை அழித்தார். 0.58 என்று எழுதி, கீழே சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டார்.