ஊரையெல்லாம் கூப்பிட்டவள்

பெல்டன் ஃபால்ஸ் நகரத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வதற்குச் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் லவோன் ரிட்டர்தான். மற்றவர்களுக்குச் சம்பளம் கொடுத்தாலும் அது வராது. எங்கள் அயோவாப் பக்கத்து வாயிலிருந்து வரக்கூடிய உச்சபட்சப் பாராட்டே "மோசமில்ல" என்பதுதான். கல்யாணச் சாப்பாடு மோசமில்லை, சோளம் மோசமில்லை, ஐம்பது வருஷம் கூடவே வாழ்ந்த மனைவியும் மோசமில்லை.

இதனால் லவோன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு தடவை பிஸ்கட் கம்பெனிக்காரர்கள் மூன்று பேர் இடம் பார்க்க வந்தார்கள். பூட்டிக் கிடந்த புல்வெட்டும் இயந்திரத் தொழிற்சாலையைத் திறந்து காட்டினாள். தண்ணீர் வசதி, ரயில் பாதை, பள்ளிக்கூடம் என்று ஒன்று விடாமல் சொல்லி, கடைசியில் மெயின் தெருக் காபிக் கடைக்கு அழைத்துப்போனாள். அவர்களில் ஒருவர் அடுத்த மேசையில் இருந்த வெர்ன் கிழவரிடம் ஊர் எப்படி என்று கேட்டு வைத்தார். வெர்ன் நிதானமாக யோசித்தார். "இருக்கலாம். குளிர்தான் அஞ்சு மாசம். புடிக்கலன்னா நெடுஞ்சாலை பக்கத்துலயே இருக்கு" என்றார். அவர் மனசாரப் புகழ்ந்துகொண்டிருந்தார் என்பது லவோனுக்குப் புரிந்தது. பிஸ்கட்காரர்களுக்குப் புரியவில்லை. அவர்கள் மிசௌரியில் இடம் வாங்கிக்கொண்டார்கள்.

அதற்காக அவள் வெர்னிடம் கோபித்துக்கொள்ளவும் இல்லை. பத்தொன்பது வருஷமாக, பழைய செருப்புக் கடையில் அமைந்த அந்த ஒற்றை அறை நகர மேம்பாட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து, இல்லாததைச் சொல்லாமல் இருப்பதைச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டாள். எங்கள் ஊர் அருவியின் உயரம் நாலடி. அதைப் படம் பிடிக்க வந்தவரைக் கரையில் குப்புறப் படுக்க வைத்து எடுக்கச் சொன்னவள் அவள்தான். அந்தப் படத்தை நம்பி வந்தவர்கள் அருவிக்கு முன்னால் நின்று படத்தையும் அதையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். பிறகு, தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்பார்கள். ஆமாம், அது உண்மைதான் என்பாள் லவோன்.

புகழ வராதது போலவே எங்களுக்கு இன்னொன்றும் வராது. கேட்க வராது. ஒருவரிடம் போய் எனக்கு இது வேண்டும், நீ செய் என்று சொல்வது அவர் முதுகில் மூட்டையை ஏற்றுவதற்குச் சமம் என்று நினைக்கிறவர்கள் நாங்கள். பனியில் வண்டி மாட்டிக்கொண்டால்கூட உதவிக்குக் கூப்பிட மாட்டோம். யாராவது தானாகப் பார்த்துவிட்டு வரட்டும் என்று வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்போம். லவோன் அலுவலகத்தில் இந்தக் குணத்தைக் கழற்றி வைத்துவிட்டு முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் வாருங்கள், வாருங்கள் என்று வாய் கூசாமல் சொன்னாள். மாலையில் வீட்டுக்குப் போனதும் அதை மறுபடி மாட்டிக்கொள்வாள்.

அவளுக்கும் கணவர் டுவேனுக்கும் ஒரே மகள், பிரிட்டா. பதினெட்டு வயதில் படிக்க அரிசோனா போனவள், அங்கேயே வேலை, அங்கேயே கல்யாணம், அங்கேயே இரண்டு குழந்தைகள் என்று பதின்மூன்று வருஷமாக ஃபீனிக்ஸில் தங்கிவிட்டாள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவாள். அவள் திரும்பி வரவேண்டும் என்ற ஆசையைத் தவிர லவோனுக்கு வேறு பெரிய ஆசை எதுவும் கிடையாது. அது ஊருக்கே தெரியும், ஒருத்தரும் பேசிக்கொள்ள மாட்டோம்.

புதிதாகக் குடிவர நினைப்பவர்களுக்கு வீடு காட்டுவதும் அவள் வேலைதான். வந்தவர்கள் குளியலறைக் குழாயைத் திருகிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் மகள் குடும்பத்தை அந்த வீட்டில் குடிவைத்துப் பார்ப்பாள். இந்த ஜன்னலுக்குக் கீழே பிரிட்டாவின் சாப்பாட்டு மேசை. இந்தச் சின்ன அறை பேரன் எலியாவுக்கு. நீனாவுக்கு மாடியில். அப்புறம் அந்த வீட்டை வேறு யாராவது வாங்கிவிடுவார்கள். அவள் சந்தோஷமாகச் சாவியைக் கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டில் மகளைக் குடிவைக்கத் தொடங்குவாள்.

மேயர் நைகார்டுக்கு அந்தக் குளிர்காலத்தில் ஒரு யோசனை வந்தது. ஊரை விட்டுப் போன பிள்ளைகளையே திரும்பக் கூப்பிட்டால் என்ன? பள்ளிக்கூடத்துப் பழைய பதிவேடுகளை எடுத்து, தேவாலயத்து அடித்தளக் கூடத்தில் அம்மாக்களையெல்லாம் உட்காரவைத்து முகவரி வாங்கினார்கள். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் சேர்ந்தன. கடிதம் எழுதும் வேலை லவோனுடையது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினாள். வழக்கமான சங்கதிகளை எழுதிப் பார்த்தாள். குறைந்த வீட்டு விலை, நல்ல பள்ளிக்கூடம், போக்குவரத்து நெரிசல் இல்லை. கிழித்துப் போட்டாள். பிறகு பிரிட்டாவை எதிர் நாற்காலியில் உட்கார்த்திக்கொண்டாள். அதற்கப்புறம் பேனா நிற்கவில்லை.

"நாங்கள் கூப்பிடத் தெரியாதவர்கள். நீங்கள் போனபோது நல்லபடியாகப் போய் வா என்று மட்டும்தான் சொன்னோம். அதனால் நீங்கள் இங்கே வேண்டியதில்லை என்று எண்ணிவிடாதீர்கள். நீங்கள் நடந்துபோன தெருவில் நாங்கள் இன்னும் தலை தூக்கிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இந்த ஆண்டு வந்துவிடுங்கள்."

மேயர் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாரை நினைத்து எழுதினாய் என்று கேட்டார். யாரையும் இல்லை, பொதுவாகத்தான் என்றாள்.

அச்சுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் பட்டியலைக் கடைசி முறையாகப் பார்த்தாள். ரிட்டர், பிரிட்டா என்ற வரியில் விரல் நின்றது. ஊர்ப் பணத்தில் தபால்தலை ஒட்டி, சம்பளம் வாங்குகிற மேசையிலிருந்து சொந்த மகளைக் கூப்பிடுவதா? அதுகூடப் பரவாயில்லை. பிரிட்டாவின் மாமியார் சான் அன்டோனியோவில் இருந்துகொண்டு, வந்துவிடுங்கள், வந்துவிடுங்கள் என்று தினமும் போன் போட்டு மகன் தலையைத் தின்றுகொண்டிருந்தாள். தானும் அப்படி ஒருத்தியாக ஆகவேண்டுமா? பெண்ணுக்கு அது பாரம் அல்லவா? வந்தால் அவளாக வரட்டும். அந்த வரியை அடித்துவிட்டாள். மனசைக் கல்லாக்கிக்கொண்டுதான் அடித்தாள். நல்ல காரியம் செய்ததாகவே நினைத்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது டுவேனிடம் சொன்னாள். அவர், "ம்" என்றார். எங்கள் ஊர் ஆண்களின் "ம்" எதற்கு வேண்டுமானாலும் பொருந்தும். சரி என்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

மார்ச் மாதம் கடிதங்கள் போயின. ஏப்ரலில் ஒரு நாள் பிரிட்டா வேலை நேரத்தில் போன் செய்தாள். அப்படிச் செய்யும் வழக்கம் அவளுக்கு இல்லை. அலுவலகத்தில் ஏதாவது விசேஷம் உண்டா என்று கேட்டாள். ஒன்றுமில்லை, பனி உருகிவிட்டது என்றாள் லவோன். வீட்டு வாடகை ஒப்பந்தம் ஆகஸ்டோடு முடிகிறது, கணவன் மாத்தியோ எந்த ஊரிலிருந்தும் வேலை செய்யலாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள், என்ன செய்வதென்று தெரியவில்லை என்றாள் மகள். லவோனுக்கு நாக்கு நுனி வரை வந்தது. எல்ம் தெருவில் நீல வீடு அந்த வாரம்தான் விற்பனைக்கு வந்திருந்தது.

"உங்களுக்கு எது சௌகரியமோ அதச் செய்ங்கம்மா" என்றாள் லவோன்.

பிரிட்டா சரி என்றாள். குழந்தைகளுக்குச் சளி என்றாள். வைத்துவிட்டாள்.

கடிதம் வேலை செய்தது. கோடைக்குள் முப்பத்தொரு குடும்பங்கள் திரும்பி வந்தன. பக்கத்து வீட்டு ஆர்லிஸின் மகன் கிர்க், மனைவியும் மூன்று பிள்ளைகளுமாக டென்வரிலிருந்து வந்து அந்த நீல வீட்டிலேயே குடியேறினான். ஆர்லிஸ் ஒரு தட்டு நிறைய எலுமிச்சைக் கேக் துண்டுகளை எடுத்துக்கொண்டு வந்து, லவோனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லவோன் ஒவ்வொரு வீட்டுக்கும் வரவேற்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். கூடையைக் கொடுத்துவிட்டு வந்து காரில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவாள்.

ஜூலை முதல் வாரத்தில், சான் அன்டோனியோவில் மாமியார் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு வாங்கிவிட்டதாகப் பிரிட்டா சொன்னாள். ரொம்ப நல்லது என்றாள் லவோன். பிறகு கொல்லைப்பக்கம் போய் அவரைச் செடிகளுக்கு அன்று இரண்டாம் முறையாகத் தண்ணீர் ஊற்றினாள்.

வீடு மாறுவதற்கு முன் ஆகஸ்டில் பிரிட்டா குழந்தைகளோடு மூன்று நாள் வந்தாள். இனிப்புச் சோளம் வந்திருந்த சமயம். எலியா வெண்ணெய் வழிய வழிய ஆறு கதிர் தின்று டுவேனைப் பெருமைப்படுத்தினான். மூன்று நாளும் எல்லோரும் எல்லாவற்றையும் பேசினார்கள்; கிர்க் வந்ததைப் பேசினார்கள், வெர்னின் முழங்காலைப் பேசினார்கள்.

எங்கள் ஊரில் விடைபெறுவது ஒரு மணி நேர வேலை. தொடையைத் தட்டி "சரி, அப்ப" என்று எழுந்திருப்பது முதல் கட்டம். கதவருகே கால் மணி நேரம், படியில் கால் மணி நேரம், அப்புறம் கார் ஜன்னல். முக்கியமான விஷயம் ஏதாவது இருந்தால் அது கார் ஜன்னலில்தான் வெளியே வரும், அதுவும் எஞ்சின் ஓட ஆரம்பித்த பிறகு. டுவேன் ஒரு டஜன் சோளத்தைப் பையில் போட்டுப் பின்னால் வைத்தார். குழந்தைகள் பெல்ட் போட்டுக்கொண்டார்கள். லவோன் ஜன்னல் விளிம்பில் கை வைத்துக்கொண்டு, டெஸ் மாயின் பக்கம் சாலை வேலை நடக்கிறது, சுற்றிப் போ என்றாள்.

பிரிட்டா ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டாராவுக்கு மார்ச்லயே கடுதாசி வந்துச்சு" என்றாள். டாரா அவளோடு பள்ளியில் படித்தவள். ஃபீனிக்ஸில் அவளுக்குப் பத்து மைல் தள்ளி இருப்பவள். "படிச்சிட்டு எனக்கு போன் பண்ணி அழுதா. உங்கம்மா எழுதினதுடி, உனக்கு எப்ப வந்துச்சுன்னு கேட்டா. நாளைக்கு வரும்னேன். மூணு வாரம் தபால் பெட்டியத் தெறந்து தெறந்து பாத்தேம்மா."

லவோன் ஜன்னல் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்புறம்தான் போன் பண்ணினேன். அப்பவாவது நீ சொல்லுவேன்னு நெனச்சேன். பனி உருகிடுச்சுன்னே." பிரிட்டா குரலை உயர்த்தவில்லை. "ஊரையெல்லாம் கூப்பிட்ட. வெர்னோட பொண்ணு ஜெயில்லேருந்து வந்தவ, அவளக்கூடக் கூப்பிட்ட. என்னைய மட்டும் விட்டுட்ட. சரி, அம்மாவுக்கு நாம வந்து தொந்தரவு பண்றது இஷ்டமில்லன்னு நெனச்சுக்கிட்டேன்."

"உனக்குப் பாரமா இருக்கக் கூடாதுன்னுதான்..." என்று ஆரம்பித்தாள் லவோன். அந்த வாக்கியம் அவளுக்கே கேவலமாகக் கேட்டது. பாதியில் விட்டாள். "நானேதான் உன் பேர அடிச்சேன். அந்தக் கடுதாசிய உனக்குத்தான் எழுதினேன் பிரிட்டா. வேற யாருக்கும் எழுதல."

பின் இருக்கையிலிருந்து நீனா, ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று கேட்டாள்.

"வா" என்றாள் லவோன். தன் மகளிடம் அந்த வார்த்தையை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. "இங்க வந்துருங்க."

பிரிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கையெழுத்துப் போட்டாச்சும்மா. அடுத்த மாசம் எலியாவுக்கு அங்க ஸ்கூல்."

"தெரியும்" என்றாள் லவோன். ஜன்னல் விளிம்பிலிருந்த கையை எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கார் தானியக் கிடங்கைத் தாண்டித் திரும்பும் வரை இருவரும் கையை ஆட்டிக்கொண்டு நின்றார்கள். திரும்பிய பிறகும் நின்றார்கள். "பேர அடிக்க வேணாம்னு அன்னைக்கே தோணுச்சு" என்றார் டுவேன்.

"சொல்லலியே."

"நீ கேக்கலியே."

இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியதற்கு அன்று அவளுக்கு அழுகையும் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. அவர் அவள் தோளைத் தொட்டார். அதுவும் நடுத்தெருவில், பட்டப்பகலில். ஆர்லிஸ் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பார்த்ததாகப் பிற்பாடு சொன்னாள்.

திங்கட்கிழமை அலுவலகத்தைத் திறந்ததும் லவோன் பட்டியலை எடுத்துக் கடைசியில் ஒரு வரி சேர்த்தாள். மிச்சமிருந்த கடிதங்களில் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். அச்சிட்ட கையெழுத்துக்கு மேலேயே மையால் அம்மா என்று எழுதினாள். 'பெல்டன் ஃபால்ஸின் பிள்ளைகளுக்கு' என்று தொடங்கியதை அடித்து, பிரிட்டா என்று எழுதினாள். முதலிலிருந்து படித்தாள். வேறு எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை, கடைசி வரியைத் தவிர. 'இந்த ஆண்டு வந்துவிடுங்கள்' என்ற இடத்தில் 'இந்த ஆண்டு' என்பதை மட்டும் அடித்தாள். மேலே சின்ன எழுத்தில், 'எந்த ஆண்டானாலும்' என்று எழுதினாள்.

சொந்தப் பையிலிருந்து தபால்தலை எடுத்து ஒட்டினாள். கதவில் பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்ற அட்டையை மாட்டிவிட்டு, அதை சான் அன்டோனியோ முகவரிக்குப் போடத் தபால் நிலையத்துக்கு நடந்தாள். அவர்கள் அந்த வீட்டுக்குள் முதல்முதலாகக் கதவைத் திறக்கும்போது அது அங்கே காத்திருக்க வேண்டும்.