புளியமரம் விழுந்தது, அக்காவின் பால்வாடி நிலைத்தது

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்றதும் படித்த மருமகப்பிள்ளைகள் பேனாவை எடுத்தார்கள். வையுங்கள் கீழே என்றேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் அக்காவோடு கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தானே! மாட்டு வண்டியில் தொடங்கி லாரிக்கு முதலாளி ஆனவனுக்கு இதை எழுத வராதா?

அக்கா பிறந்தது சின்னசேலம் ரயிலடிப் பக்கம். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா கழனிக்குப் போக, என்னை இடுப்பில் சுமந்தபடி பள்ளிக்கூடம் போனவர் அக்கா. அப்படியும் பத்தாவது தேறினார். வடக்கனந்தலில் வாழ்க்கைப்பட்டார். மாமாவும் சின்ன வயதிலேயே காலமானார், பிள்ளையும் இல்லை. அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கும் ஆளா அக்கா? ஊரில் பால்வாடி திறந்ததும் ஆசிரியையாகச் சேர்ந்துவிட்டார்.

சேர்ந்தாரே தவிர, பிள்ளைகள் வரவில்லை. "வெளாடறதுக்கு எதுக்கு டீச்சர் தனியா ஒரு எடம்? கழனியில வுட்டா அது பாட்டுக்கு வெளாடிக்கினு இருக்குது" என்பார்கள் கூலிக்குப் போகும் தாய்மார்கள். "அந்த வெளாட்டுதாம்மா அதுங்களுக்குப் படிப்பு" என்று அக்கா வீடு வீடாக ஏறி இறங்குவார். வந்தது ஏழெட்டுப் பிள்ளைகள். இப்படியே போனால் பால்வாடியை வேறு ஊருக்கு மாற்றிவிடுவோம் என்று மேற்பார்வையாளர் அம்மா சொல்லிவிட்டார். எதற்கும் கலங்காத அக்கா அன்று சாப்பிடவில்லை.

அந்த நேரத்தில்தான் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தது. ஊருக்கு ஊர் மரங்களை வெட்டிச் சாலையில் தள்ளினார்கள். பால்வாடிக்கு நேர் எதிரே ஒரு பெரிய புளியமரம் விழுந்து கிடந்தது. அதற்கு இந்தப் பக்கம் என் லாரி, ஜவ்வரிசி ஆலைக்குப் போகவேண்டிய மரவள்ளிக் கிழங்கோடு. அந்த வட்டாரத்தில் சொந்த லாரி வாங்கிய முதல் ஆள் நான்தான். முதலில் மாட்டிக்கொண்டதும் நான்தான்.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, அக்கா மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"டேய் தம்பி, கொடுவாள எடுத்தா."

"இன்னாக்கா, நீயே வழி வுடப் போறியா?"

"கூரா நீட்டிக்கினு இருக்கற கிளைய மட்டும் கழி. புள்ளைங்க கண்ணுல குத்திடும்."

மறியலுக்குக் காவல் நின்ற பையன்கள் முறைத்தார்கள். "வழிக்கு இல்லடா, வெளாட்டுக்கு" என்றார் அக்கா. அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் கழித்தேன். அவ்வளவு சுத்தமாகக் கழிக்க வேறு ஆள் கிடையாது.

நிற்கிற மரத்தில் ஏற முடியாத பிள்ளைகளுக்குப் படுத்த மரம் கிடைத்தால் கேட்க வேண்டுமா? மறுநாள் எல்லாத் தெருப் பிள்ளைகளும் அதன்மேல்தான். அக்கா நீளக் குச்சி, குட்டைக் குச்சி பிரிக்கச் சொன்னார். புளியங்காய்களை எண்ணச் சொன்னார். அடிமரம் வெள்ளிமலை பஸ் ஆனது. பஸ் ஓடாததால் வேலைக்குப் போக முடியாத தாய்மார்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அவர்களில் அஞ்சலை ஒருத்தி. அவள் மகனுக்கு நாலு வயது ஆகியும் 'அம்மா' தவிர வேறு பேச்சு இல்லை. அந்தப் பிள்ளை ஒரு கிளையில் தொங்கிக்கொண்டு, "வெள்ளிமல! வெள்ளிமல! உள்ள போ, உள்ள போ!" என்று கத்தினான். அஞ்சலை இடுப்புக் குடத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

"டீச்சர், எம் புள்ளையா பேசுச்சு?"

"பேசலம்மா, அதட்டறான். ஏறு, சீட்டு வாங்கு."

பால்வாடியை மாற்றலாமா என்று முடிவு செய்ய மேற்பார்வையாளர் அம்மா அன்றுதான் வந்தார். வயல் வழியாகச் சுற்றி வந்த ஜீப் இந்த மரத்துக்கு அப்பால் நின்றுவிட, நடந்தே வந்தார்.

"டீச்சர், உள்ள யாரையும் காணோமே?"

"மரத்துமேல பாருங்கம்மா."

"அது பால்வாடியா?"

"மரம் இன்னா, உள்ள வந்தா விழும்? நாங்கதான் வெளிய வந்தோம்."

அஞ்சலை முன்னால் வந்தாள். "எங்க புள்ளைங்கள நாளையிலேருந்து அனுப்பறோம்மா. பால்வாடிய மாத்தினீங்கன்னா நாங்களும் ஒரு மரத்த வெட்டிப் போட்டுக்கினு குந்திடுவோம்!"

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பால்வாடி எங்கும் போகவில்லை.

சாலை திறந்த அன்று, மரத்தை அகற்ற வந்த நெடுஞ்சாலைத் துறைக்காரர்களிடம் கேட்டு அடிமரத்தை வாங்கிவிட்டார் அக்கா. "தம்பி, இத நம்ம பால்வாடி வாசலுக்கு இழு."

"கெழங்கு நாறிக்கினு இருக்குதுக்கா, நான் ஆலைக்குப் போவணும்."

"நாறினது நாறிடுச்சு. கயித்தக் கட்டு."

என் லாரிதான் இழுத்தது. ஓய்வு பெறும்வரை அக்காவுக்கு அதன்மேல்தான் வகுப்பு.

கடைசி நாட்களில் அக்கா என் வீட்டில் இருந்தார். ஒரு நாள் காலையில் வெளியே பேரப்பிள்ளைகள் போட்ட சத்தத்தை அடக்க நான் எழுந்தேன். "அதட்டாதடா, வெளாடட்டும்" என்றார். அதன்பிறகு அவர் அதிகம் பேசவில்லை.

மருத்துவம் பார்த்தவர்களுக்கும், கடைசிவரை கஞ்சி ஊட்டிய அஞ்சலைக்கும், தோள் கொடுத்த பால்வாடிப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தப் புளியமரத்தை வெட்டியவர்களுக்கும் நன்றி. யார் யார் என்று எனக்குத் தெரியும். பெயர் போடவில்லை. இப்போது எல்லாரும் தாத்தாக்கள். பேரப்பிள்ளைகளை அதே பால்வாடியில்தான் விட்டிருக்கிறார்கள்.