பொடி இருமல்

பூந்தமல்லிப் பக்கம் நூம்பலில் நான் வாழப்போன வீட்டில் பெண்கள் எல்லோரும் மூக்குப்பொடி போடுவார்கள். இதைச் சொன்னால் இப்போது முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. சுளிக்கட்டும். காலையில் சேற்றில் இறங்கி, பொழுது உச்சிக்கு வரும்வரை நிமிராமல் நாற்று நட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் சுளிக்கட்டும். மத்தியானக் கூழைக் குடித்ததும் மாட்டுக்கொட்டகை நிழலில் உட்கார்ந்து, மாமியார் இடுப்புச் செருகலிலிருந்து பொடிமட்டையை எடுப்பாள். காய்ந்த வாழைமட்டையில் மடித்த பொட்டலம், பூந்தமல்லிக் கடைத்தெருவில் வாங்குவது. அவள் ஒரு சிட்டிகை, என் ஓரகத்தி ஒரு சிட்டிகை. கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த வேலைக்கு எழுந்துவிடுவார்கள். அந்த வீட்டில் மூத்த மகனுக்கு வாழ்க்கைப்பட்டவள் என் ஓரகத்தி, இளையவருக்கு நான். நான் மட்டும் பொடியைத் தொடமாட்டேன். குத்தம்பாக்கத்தில் என் தாய்வீட்டில் அந்தப் பழக்கமே கிடையாது.

அப்படிப்பட்ட நான் பொடி போட ஆரம்பித்தது ஆசைப்பட்டு அல்ல. இருமலை மறைக்கத்தான்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஆவடிப் பக்கம் போகிற பட்டாளத்து லாரிகள் பூந்தமல்லி ரோட்டில் ஓயாமல் ஓடும். எனக்கு இருமல் வந்தபோது முதலில் லாரிப் புழுதி என்றேன். அப்புறம் தவிட்டுத் தூசி என்றேன். அடுப்புப் புகை என்றேன். சாயங்காலமானால் உடம்பு அனலாகக் காய்ந்தது. அதை யாரிடமும் மூச்சுவிடவில்லை. ரவிக்கை தோளில் தொளதொளத்தது. என் பெண் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். பால் கொடுக்கிற உடம்பு இளைக்காமல் என்ன செய்யும் என்று சொல்லி, கேட்டவர்கள் வாயை அடைத்தேன்.

என்ன இருமல் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கொஞ்ச நாளைக்கு முன்புதான் எங்கள் தெருக்கோடி வீட்டு மருமகளுக்குச் சயரோகம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். மறுநாளே வண்டி கட்டிவிட்டார்கள். அவள் சாப்பிட்ட தட்டையும் படுத்த பாயையும் வண்டியில் போட்டு, அவளையும் ஏற்றித் தாய்வீட்டுக்கு அனுப்பினார்கள். பிள்ளையைக் கொடுக்கவில்லை. உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவள் வண்டியிலிருந்து பிள்ளை பேரைச் சொல்லிக் கூப்பிட்ட சத்தம் ஏரிக்கரை திரும்பும்வரை கேட்டது. அறுப்புக்கு முன்னால் அவள் செத்துப்போய்விட்டதாகச் சேதி வந்தது.

நான் பிழைத்துக்கொண்டேன் என்பது இதை எழுதுவதிலிருந்தே தெரிகிறது. எப்படிப் பிழைத்தேன் என்பது வேறு சமாசாரம். அன்றைக்கு எனக்கு உயிர் பெரிதாகத் தெரியவில்லை. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு என்னை வண்டி ஏற்றிவிடுவார்களே என்ற அந்த ஒரு பயம்தான் ராப்பகலாக அரித்தது.

ஒருநாள் உரலண்டை தவிடு சலித்துக்கொண்டிருந்தேன். இருமல் பிடித்துக்கொண்டது. விலா எலும்பு விட்டுப்போகிற மாதிரி ஓர் இருமல். அடங்கி நிமிர்ந்தால் மாமியார் எதிரே நிற்கிறாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள். அவள் பொல்லாதவள் அல்ல. கூடப்பிறந்த தம்பியை இந்த நோய்க்கு வாரிக்கொடுத்தவள், அதனால் இருமல் சத்தம் கேட்டாலே அவள் முகம் மாறிவிடும். பக்கத்தில் அவளுடைய பொடிமட்டை கிடந்தது. அந்தப் பொய் என் வாயில் எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது. உங்கள் பொடியைக் கொஞ்சம் போட்டுப் பார்த்தேன் அத்தை, தொண்டையில் இறங்கிவிட்டது என்றேன்.

மாமியார் சிரித்துவிட்டாள். குத்தம்பாக்கத்துக்காரிக்குப் பொடி கேட்கிறதாம் என்று ஓரகத்தியைக் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான் இது என்று அப்போது புத்தியில் உறைக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கென்று தனியாக ஒரு மட்டை. என் புருஷனே வாங்கிவந்து கொடுத்தார். இருமல் கிளம்புவது எனக்கு முன்கூட்டியே தெரியும். நெஞ்சுக்குழியில் ஓர் அரிப்பு எழும். உடனே மட்டையைப் பிரித்து ஒரு சிட்டிகை இழுத்துவிட வேண்டும். பொடி முதலில், இருமல் பிறகு. அந்த வரிசை தப்பக்கூடாது. சில சமயம் இருமல் முந்திக்கொள்ளும். இருமிக்கொண்டே மட்டையைத் துழாவுவேன். கை தவறிப் பொடியெல்லாம் பிள்ளையின் தலையில் கொட்டும், அது தும்மும். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று தனியாகப் போய் அழுவேன்.

போடத் தெரிந்தவர்களுக்குப் பொடி மூக்கின் முன்பக்கத்திலேயே நின்றுவிடும். நான் பீடி குடிக்கிற ஆம்பளை மாதிரி மூச்சோடு சேர்த்து உள்ளே இழுப்பேன். அது தொண்டைக்குப் போய் எரியும். எரிந்தால்தானே இருமல் வரும், இருமினால்தானே பொடி இருமல் என்பார்கள். ஏற்கெனவே புண்ணாகக் கிடந்த நெஞ்சு, அதில் இந்தக் காரமும் சேர்ந்தது. இருமல் குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டே போயிற்று. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று இழுத்துக்கொண்டே இருந்தேன்.

ஓரகத்தியை எனக்குப் பிடிக்காது. அவள் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை, ஆனாலும் பிடிக்காது. கல்யாணமாகி வெகுகாலமாகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. நான் நடவுக்குப் போனால் என் பெண்ணை அவள்தான் பார்த்துக்கொள்வாள். திரும்பி வந்து நான் கை நீட்டினால், பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கும், வராது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று மாமியார் அவளுக்கு ஆறுதல் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் பிள்ளை என்ன ஊரார் பிள்ளையா? என்னை வண்டி ஏற்றினால் இந்தப் பிள்ளை யார் மடிக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். அவளும் அதற்குத்தான் காத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

நாள் போகப் போக மாமியாருக்கு உறுத்த ஆரம்பித்தது. புதிதாகப் பொடி போடுகிறவர்கள் நாலு நாள் இருமுவார்கள், அப்புறம் பழகிவிடும். இவளுக்கு மட்டும் ஏன் நிற்கவில்லை? ஒருநாள் ஓரகத்தியைக் கூப்பிட்டு என் எதிரிலேயே சொன்னாள்.

"பொடி போடத் தெரியாத பொம்பள இந்த ஊட்ல இவ ஒருத்திதான். நீ கத்துக்குடு. அதுக்கப்புறமும் இருமுனா, அது இன்னா இருமல்னு நான் பாத்துக்கறேன்."

மாமியாரை ஏவிவிட்டதே இவள்தான் என்று மனசுக்குள் அவளைத் திட்டித் தீர்த்தேன்.

ஓரகத்தி பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். சிட்டிகை சின்னதாக இருக்க வேண்டும். மூச்சை வெளியே விட்டுவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு, மல்லிப்பூவை மோந்து பார்க்கிற அளவுக்குத்தான் இழுக்க வேண்டும். இழுத்ததும் அவசரப்பட்டு மூச்சு வாங்கக்கூடாது. பொடி இருந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும். அவள் செய்து காட்டினால் ஏதோ பூ மோந்த மாதிரிதான் இருக்கும். ஒரு செருமல் கிடையாது.

எல்லாம் எனக்குப் புரிந்தது. புரிந்ததுதான் வினை. நான் வேண்டாம் வேண்டாம் என்றாலும் என் மூக்கு அவள் சொன்னபடி கேட்க ஆரம்பித்தது. பொடி முன்னாலேயே நின்றது. கண்ணில் நீர் வந்து தலைபாரம் இறங்கிச் சுகமாகக்கூட இருந்தது. இந்தப் பாழாய்ப்போன பொடியைக் கற்றுக்கொண்டுவிட்டால் என் இருமலுக்கு வேறு எந்தப் பேரைச் சொல்வது? அடுத்த சிட்டிகையை வேண்டுமென்றே முழு மூச்சாக இழுத்தேன். இருமினேன்.

அவள் என் கையிலிருந்த மட்டையை வாங்கி மடித்தாள்.

"நீ வேணும்னே இஸ்துக்கற, தங்கச்சி."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். புறங்கையால் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பொழுது சாய்ந்துவிட்டதால் உடம்பு காய்ந்துகொண்டிருந்தது. கையை எடுத்துக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

போச்சு, எல்லாம் போச்சு என்று அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மாமியார் கூப்பிடுவாள், கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. மறுநாளும் ஒன்றும் நடக்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் குனிந்து ஏதாவது பேசினால் எனக்குப் பாதி உயிர் போய்விடும். கேட்டால் கத்தரிக்காய்ப் பேச்சாக இருக்கும். சொல்லாமல் இருப்பதில் இவளுக்கு என்ன ஆதாயம் என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. ஒன்று மட்டும் கவனித்தேன். பிள்ளை பால் குடித்து முடிப்பதற்குள் வந்து நின்று, உடனே வாங்கிக்கொண்டு போய் அதன் முகத்தையும் கையையும் கழுவிவிடுவாள். முன்பெல்லாம் அப்படி வந்து நிற்கமாட்டாள். என் பிள்ளையை எடுத்துக்கொள்ள இப்போதே பழகிக்கொள்கிறாள், சண்டாளி, என்றுதான் எனக்குப் பட்டது.

பிறகு ஒரு மத்தியானம், புழுங்கலுக்கு நெல் அவித்துக் காயப்போட்டுவிட்டு மூன்று பேரும் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தோம். பிள்ளை என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. மாமியார் தன் மட்டையைப் பிரித்து என் முன்னால் நீட்டினாள். என் கண்ணெதிரே போடு, பார்க்கிறேன் என்றாள். இருமினால் நாளைக்கே திருமழிசை வைத்தியரிடம் போய்விட்டு வந்துவிடலாம் என்றும் சொன்னாள். குரலில் கோபமே இல்லை. அதனால்தான் அதிகம் பயந்தேன்.

வைத்தியர் கையில் நாடியைக் கொடுத்தால் தீர்ந்தது. வேறு வழியே தெரியவில்லை. சின்னச் சிட்டிகையாக எடுத்தேன். மூச்சை விட்டு நிறுத்தினேன். வாயை லேசாகத் திறந்து, மோந்து பார்க்கிற அளவுக்கு இழுத்தேன். பொடி முன்னாலேயே நின்றது. இத்தனை நாளில் அவ்வளவு சுத்தமாக நான் பொடி போட்டதே இல்லை.

மாமியார் முகம் தெளிந்துவிட்டது.

"கத்துக்கினா. நல்லதாப் போச்சு. இனிமே உனுக்கு இருமல் வந்தா அது பொடி இருமல் இல்லடி, தெரிஞ்சிக்கோ."

சொல்லிவிட்டு அவள் மட்டையைக் கீழே வைத்தாள். எனக்கு நெஞ்சுக்குழியில் அரிப்பு எழுந்தது. பொடியால் அல்ல. தானாக, எப்போதும்போல. பல்லைக் கடித்தேன். எச்சிலை விழுங்கினேன். கால் கட்டைவிரலைத் தரையில் ஊன்றி அழுத்தினேன். தாயே, இந்த ஒரு தடவை, இந்த ஒரு தடவை மட்டும் என்று வேண்டினேன். கண் பிதுங்கியது. மார்பு குலுங்குவது தெரிந்து பிள்ளை பால் குடிப்பதை விட்டுவிட்டு அண்ணாந்து என்னைப் பார்த்தது.

ஓரகத்தியும் பார்த்தாள். சட்டென்று மாமியாருடைய மட்டையை எடுத்தாள். சிட்டிகை இல்லை, மூன்று விரலால் அள்ளினாள். இரண்டு மூக்கிலும் வைத்து முழு மூச்சாக உள்ளே இழுத்தாள். அப்புறம் அவள் இருமிய இருமல் இருக்கிறதே, கொட்டகையில் மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில் நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு என் இருமலை இருமிக்கொண்டேன்.

மாமியார் என்னைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தாள். காரம் ஜாஸ்தி அத்தை, இறங்கிவிட்டது என்று அவள் இருமலுக்கு நடுவே சொன்னாள். நினைவு தெரிந்த நாளிலிருந்து பொடி போடுகிறவளுக்கு என்ன காரம் என்று மாமியார் கேட்டாள். கேட்டுக்கொண்டே, அவள் பக்கம் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள். இடையில் இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு உரலண்டை என்னைப் பார்த்த அதே பார்வை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளை பெற்ற என்னையே வண்டி ஏற்றுவார்கள் என்றால், பிள்ளை இல்லாத அவளுக்கு யார் பரிந்து பேசுவார்கள்? அவள் புருஷனுக்கு வேறு பெண் பார்க்கலாமா என்று ஏற்கெனவே அந்த வீட்டில் பேச்சு இருந்தது. இதெல்லாம் தெரிந்துதான் அவள் அந்தப் பொடியை அள்ளியிருக்கிறாள். எனக்கு அடுத்த இருமல் கிளம்புவது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவள் மறுபடியும் மட்டைக்குள் விரலை விட்டாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"போடாதக்கா," என்றேன். மாமியாரிடம் திரும்பினேன். "அவளுக்கு ஒண்ணுமில்ல, அத்த. எனுக்குத்தான். ரொம்ப நாளா கீது."

நான் பிள்ளையை மார்பிலிருந்து எடுத்து ஓரகத்தி மடியில் வைத்தேன். கொடுக்கும்போது அழுமே, அதைத் தாங்க மாட்டேனே என்று எத்தனையோ நாளாகப் பயந்துகொண்டிருந்தேன். பிள்ளை அழவில்லை. குடித்தது போதாமல், அவள் ரவிக்கையில் வாயை வைத்துப் பால் தேடியது. அவள் அதை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மூக்கிலும் கண்ணிலும் பொடித்தண்ணீர் ஒழுக, குரலெடுத்து அழுதாள். நான் எட்டப் போய் வைக்கோல் போரண்டை உட்கார்ந்துகொண்டு, வாயைப் பொத்தாமல் இருமித் தீர்த்தேன்.