வியாழக்கிழமைக் கைப்பாடம்

எனக்கு வாய் பெரிசு. காலமெல்லாம் அங்கன்வாடியில் பிள்ளைகளை மேய்த்தவளுக்கு வாய் சின்னதாக இருந்தால் பிழைக்க முடியுமா? என் வீட்டுக்காரருக்கோ காது போய்விட்டது. மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. இரும்புத் தகட்டை அடித்து வடிவெடுக்கும் பிரஸ் ஷாப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றார். ஒவ்வொரு அடிக்கும் காலடியில் தரை அதிரும் என்பார். ரிடையர் ஆனபோது இடது காதில் சுத்தமாக ஒன்றுமில்லை, வலது காதில் ஏதோ கொஞ்சம். பிள்ளைகள் காது மிஷின் வாங்கிக் கொடுத்தார்கள். போட்டால் மண்டைக்குள் மறுபடியும் ஷிப்ட் ஓடுகிறது என்று கழற்றி பீரோவில் வைத்துவிட்டார்.

கேட்காததுகூட எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. பேச்சு நின்றுபோனதுதான் பயம். முதலில் அக்கம்பக்கத்தாரோடு நிறுத்தினார், பிறகு பிள்ளைகளோடு, கடைசியில் என்னோடும். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை தேறினால் அதிகம். எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெரியவர் இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்து, ஒரு நாள் பெற்ற மகளையே பார்த்து, "நீ யாரும்மா?" என்று கேட்டார். இவரை நாலு மனிதர்கள் நடுவில் உட்கார வைக்காமல் விடுவதில்லை என்று அதைக் கேள்விப்பட்ட அன்றே முடிவெடுத்தேன்.

கூடுவாஞ்சேரியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சமுதாயக் கூடம் இருக்கிறது. அறுபது தாண்டியவர்களுக்கு அங்கே காலை பத்து மணியிலிருந்து மதியம் வரை ஏதாவது நடக்கும். முதலில் உடற்பயிற்சி, பிறகு ஒருவர் பேப்பர் வாசிக்க மற்றவர்கள் சண்டை போடுவது, அப்புறம் செல்போன் வகுப்பு, மூலையில் கேரம் போர்டு, நடுவில் சுண்டல். பொறுப்பாளர் ஒரு முப்பது வயதுப் பெண். எங்களையெல்லாம் சமாளிப்பதற்கே அவளுக்குத் தனிச் சம்பளம் கொடுக்கலாம். நான் அங்கே போய்ச் சேர்ந்த ஒரே வாரத்தில் எல்லோரையும் வரிசையில் நிற்க வைக்க ஆரம்பித்துவிட்டேன். என்னை "டீச்சரம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் ஒரு கெத்துதான், மறைப்பானேன்.

என் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனேன். சட்டையை நான்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். உடற்பயிற்சி மாஸ்டர் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுவிட்டு, கைகளைத் தூக்கு, இறக்கு என்று சொல்லிக்கொண்டு வந்தார். இவரும் பார்த்துப் பார்த்துச் செய்தார். எனக்கு மனசு நிறைந்திருந்தது.

அப்போது மாஸ்டர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, பெருக்கல் குறி மாதிரி குறுக்காக வைத்து நின்றார். அவ்வளவுதான். இவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு வாசல் பக்கம் ஓடினார். அந்த வயதில் அவ்வளவு வேகம் அவரிடம் இருக்கும் என்று எனக்கே தெரியாது. கதவோரம் இருந்த மெயின் சுவிட்சைப் பிடித்து இறக்கிவிட்டார். பாட்டு நின்றது, ஃபேன் நின்றது. திரும்பி எங்களைப் பார்த்து, "யாருக்குக் கை மாட்டிக்கிச்சு?" என்று கேட்டார்.

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஆரம்பித்தது சிரிப்பு. "கரண்ட் ஆபீஸ்லருந்து ஆளு வந்துக்கீது" என்று ஒருத்தர் சொல்ல, கூடமே குலுங்கிச் சிரித்தது. இவருக்குச் சிரிப்பது தெரிகிறது, ஏன் என்பது கேட்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். நானாவது பக்கத்தில் போய் நின்றிருக்க வேண்டும். போகவில்லை. "அவருக்குக் காது கேக்காது, வுடுங்க" என்று இருந்த இடத்திலிருந்தே எல்லோருக்கும் சொன்னேன். என் மானமே போய்விட்டது போல எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்து, "இன்னாத்துக்குங்க அப்படிப் பண்ணீங்க?" என்று கத்தினேன். என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"பிரஸ்ல அந்த மாதிரி கைய குறுக்க வச்சா, எவனோ ஒர்த்தன் கை உள்ள மாட்டிக்கினான்னு அர்த்தம்" என்றார். "மெயின எறக்கிட்டுதான் மத்த பேச்சு."

அப்புறம் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். "இனிமே நா வரல. நீ போய்க்கோ."

அதற்குமேல் நான் என்ன கத்தியும் பயனில்லை. மறுநாள் கூடத்துக்குத் தனியாகப் போனேன். சிரித்தவர்களில் இரண்டு பேரைப் பிடித்து நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். கேட்டு என்ன? மன்னிப்பு சேர வேண்டிய ஆள் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதம் அப்படியே போனது. பத்து வார்த்தை ஐந்தானது. சில நாள் அதுவும் இல்லை.

அப்போதுதான் கூடத்திலிருந்து கடப்பாக்கத்துக்கு ஒரு நாள் சுற்றுலா போவதாகச் சொன்னார்கள். மாமல்லபுரத்தில் நிறுத்தினால் பாதிப் பேர் கடைத்தெருவிலேயே நின்றுவிடுவார்கள் என்பதால் வழியில் எங்கும் நிறுத்தம் கிடையாது. நேராக ஆலம்பரைக் கோட்டை, அங்கேயே சாப்பாடு, சாயங்காலம் திரும்புதல். நான் வீட்டில் வந்து, "கடப்பாக்கத்துல கருவாடு நல்லா கீதாம், நா ஒருத்தியா தூக்கினு வர முடியாது, கூட வாங்க" என்றேன். கருவாடு என்றால் மனுஷன் மறுக்கமாட்டார். யாரோடு போகிறோம் என்பதை மட்டும் சொல்லவில்லை. வேனையும் அதிலிருந்த முகங்களையும் பார்த்ததும் திரும்பி நடக்கப் பார்த்தார். அவர் கையிலிருந்த பையைப் பிடித்த பிடி நான் விடவில்லை. ஏறி, கடைசி சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, போகும் வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

கோட்டை என்று பெயர்தான், இடிந்த சுவர்களும் மணலும்தான் மிச்சம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பங்கழி. அன்றைக்குக் காற்று அப்படி ஒரு காற்று. பக்கத்தில் நிற்பவள் பேசுவதே கேட்கவில்லை. பொறுப்பாளர் பெண் கையடக்க மைக் ஒன்று கொண்டு வந்திருந்தாள். அது இரண்டு தடவை கரகரவென்று இழுத்துவிட்டு நின்றுபோனது. எங்கள் ஆட்கள் சொன்ன பேச்சு கேட்பவர்களா? ஆளுக்கொரு திக்கில் போய்விட்டார்கள். சாப்பிட வாங்க என்று நானும் அவளும் தொண்டை கிழியக் கத்தினோம். என் வாய்க்கும் அன்று மரியாதை இல்லை.

என் வீட்டுக்காரர் தனியாக ஒரு சுவர் மேல் ஏறி நின்றிருந்தார். கீழே தூரத்தில், கழி ஓரமாக, எங்கள் கூடத்து கேரம்காரர் நின்றிருந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூலையில் தனியாக உட்கார்ந்து கேரம் ஆடுவார், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். பயங்கரத் திமிர் என்று நாங்கள் எல்லோரும் அவரை ஒதுக்கி வைத்திருந்தோம். நானும்தான்.

அந்தக் கேரம்காரர் அங்கிருந்து கையைத் தூக்கி, ஒரு விரலைக் காற்றில் சுற்றினார். பிறகு ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய், கையை விரித்துக் காட்டினார். நான் ஏதோ ஈ ஓட்டுகிறார் என்று நினைத்தேன். சுவர் மேல் நின்ற என் வீட்டுக்காரர் விறைத்து நிமிர்ந்தார். உள்ளங்கையால் காற்றை வெட்டினார், இரண்டு விரலைக் காட்டினார், பின்னால் வேன் பக்கம் கட்டைவிரலை நீட்டினார். கேரம்காரர் தலையை ஆட்டிவிட்டு, காது மடலைப் பிடித்து இழுத்து எங்களைக் காட்டினார். என் வீட்டுக்காரர் சிரித்தார். வாய்விட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். நான் அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகியிருந்தது என்று எனக்கு நினைவில்லை. நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன்.

கேரம்காரரும் பிரஸ் ஷாப் ஆள். வேறு கம்பெனி, ஆனால் ஆட்கள் மாறி மாறிப் போவதால் எல்லா ஷாப்பிலும் ஒரே கைப்பேச்சுதான். மெஷின் இரைச்சலில் வாய்க்கு வேலை இல்லை என்பதால் அவர்களாகவே உண்டாக்கிக்கொண்டது. சாப்பாடு எப்போது என்று அவர் கேட்க, இன்னும் இல்லை, இரண்டு பேர் வேன் பக்கம் நிற்கிறார்கள் என்று இவர் சொன்னாராம். இருவரும் நூறடி இடைவெளியில், அந்தக் காற்றில், எங்களில் ஒருவராலும் முடியாதபடி சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சுவர் மேலிருந்து பார்த்தால் எல்லோரும் தெரிந்தார்கள். எங்கெங்கே எத்தனை பேர் என்று இவர் காட்ட, கேரம்காரர் போய் ஒவ்வொருவராக ஓட்டிக்கொண்டு வந்தார். கால் மணி நேரத்தில் அத்தனை பேரும் புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு உட்கார்ந்துவிட்டோம்.

சாப்பிடும்போது கேரம்காரர் எங்கள் எதிரில் வந்து உட்கார்ந்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்து, கைகளைத் தலைக்கு மேல் குறுக்காக வைத்தார். மறுபடியும் கிண்டலா என்று நான் நிமிர்ந்தேன். அந்த மனிதர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, உட்கார்ந்த இடத்திலிருந்து பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

பிறகு என் பக்கம் திரும்பி வாயால் சொன்னார். "அன்னிக்கி நானும் பாதி எழுந்துட்டேம்மா. அண்ணாத்த முந்திக்கினாரு. எல்லாரும் சிரிச்சதும் நா கம்முனு ஒக்காந்துட்டேன். எழுந்து நின்னு சொல்லியிருக்கணும், சொல்லல."

"ஏன் சொல்லல?" என்றேன். என் குரலில் சூடு இருந்திருக்கும்.

"எனக்கும் காது செவுடு. கூப்டா திரும்பலன்னு திமிருன்றீங்க. செவுடுன்றதுக்கு அது தேவலன்னு வுட்டுட்டேன்."

என் பொட்டலத்திலிருந்த உருளைக்கிழங்கை எடுத்து அவர் இலையில் வைத்தேன். திரும்பி வரும்போது இருவரும் கடைசி சீட்டில் சேர்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். கையும் வாயுமாகப் பேச்சு. கருவாடு வாங்க மறந்தே போனோம்.

செங்கல்பட்டு தாண்டும்போது பொறுப்பாளர் பெண் பின்னால் வந்தாள். "ஐயா, அந்தக் கை பாஷைய எங்களுக்கும் சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டாள். வழக்கம்போல என் வீட்டுக்காரருக்காக நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் உதட்டைப் பார்த்துப் படித்துவிட்டார். "வியாழக்கெழம வெச்சிக்கலாம்" என்றார்.

முதல் வியாழக்கிழமை ஒரு வேடிக்கை நடந்தது. காது மந்தமானவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள் என்றாள் அந்தப் பெண். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே கூடத்தில் பாதிக்கு மேல் எழுந்து வந்துவிட்டார்கள். இத்தனை நாளும் ஆளுக்கு ஆள் மறைத்துக்கொண்டு, கேட்காததற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறோம். அன்றைக்குக் கரண்ட் ஆபீஸ் என்று கிண்டல் செய்தவரும் அதில் ஒருத்தர். என் வீட்டுக்காரர் முதலில் சொல்லிக் கொடுத்தது அந்தக் குறுக்குக் கையைத்தான். யாராவது மயங்கி விழுந்தால், நெஞ்சைப் பிடித்தால், தூரத்தில் இருப்பவனுக்கு இதைக் காட்டு என்றார். காது மடலை இழுத்தால் சூப்பர்வைசர் வருகிறார் என்று அர்த்தமாம். இப்போது எங்கள் கூடத்தில் அது என்னைக் குறிக்கும்.

அந்தக் கூடத்தின் நடுவில், நான் இஸ்திரி போட்ட சட்டையோடு அவர் நிற்பதைப் பார்க்க எனக்கு எவ்வளவு பெருமை என்று எழுதி மாளாது. கை சரியாக வராதவர்களைத் திட்டுவார். என்னை இரண்டு மடங்கு திட்டுவார். "வாய மூடு, கைய காட்டு" என்பார். என்னை இப்படி அதட்டிய ஆள் இந்த ஊரில் இல்லை. முதல் வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறேன்.

போன வியாழக்கிழமை புதிதாக ஒன்று காட்டினார். "பீஸ் வெளிய வந்ததும் ஓரத்த கட்ட வெரலால தடவிப் பாப்போம். பிசிறு இருந்தா கைய அறுத்துடும். பிசிறு இல்லன்னா தள்ளி நிக்கிறவனுக்கு இப்படிக் காட்டுவோம்" என்று சொல்லி, இடது உள்ளங்கையில் வலது கட்டைவிரலை ஒரு தடவை மெதுவாக இழுத்தார். "நல்ல பீஸு, ஒரு கொறையும் இல்லன்னு அர்த்தம்."

எல்லோரும் செய்தார்கள். எனக்குக் கை எழவில்லை.

தினமும் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, நான் தட்டை எடுக்கும்போது என்னைப் பார்த்து அவர் அதைத்தான் செய்கிறார். கல்யாணமான புதிதிலிருந்தே செய்கிறார். கை ஈரத்தைத் துடைக்கிறார் என்று நினைத்திருந்தேன். துண்டு எதுக்கு கீது, அதுல தொடைக்கக் கூடாதா என்று எத்தனையோ நாள் எரிந்து விழுந்திருக்கிறேன். இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டேன், நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை உண்டா என்று பெற்ற பிள்ளைகளிடமும் தெருவில் உள்ளவர்களிடமும் புலம்பியிருக்கிறேன். கேட்காதது அவருக்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

"இன்னாமே, கைய கட்டிகினு ஒக்காந்துகீற? செஞ்சி காட்டு" என்று எல்லோர் முன்னாலும் அதட்டினார்.

எழுந்து நின்றேன். அவரை நேராகப் பார்த்து, உள்ளங்கையில் கட்டைவிரலை வைத்து இழுத்தேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு கூடத்தின் பக்கம் திரும்பி, "கத்துக்கினா" என்றார்.