புளியங்கொட்டை வைத்த துப்பாக்கி

என் தாய்மாமா எனக்கு மட்டும்தான் தாய்மாமா. பக்கத்து வீட்டுப் பெரியப்பா மகனுக்கு அவர் வெறும் சித்தியின் தம்பி. ஊருக்கே தெரிந்த இந்த முறை மாமாவுக்கு மறந்துபோய்விட்டதோ என்று அந்தக் காலாண்டு விடுமுறையில் எனக்குச் சந்தேகம் வந்தது.

மாமா போர்வெல் ரிக் வண்டி ஓட்டினார். வடக்கே ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு, மழை பிடித்ததும் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அந்த வருடம் வரும்போது ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். யாரோ தோட்டத்துக்காரர், மகன் வெளிநாட்டுக்குப் போய்விட்டான் என்று கொடுத்ததாம். உள்ளே தேன்கூடு மாதிரி ஆறுமூலைக் கட்டம் போட்ட வரைபடம், அட்டையில் அச்சடித்த குட்டிக் குட்டிச் சிப்பாய்கள், தாயக்கட்டை, தடியாக ஓர் இங்கிலீஷ் புத்தகம்.

பெட்டியை எங்கள் வீட்டில்தானே திறக்க வேண்டும்? நேராகப் பெரியப்பா வீட்டுக்கு எடுத்துப்போனார்.

"அவன் இங்கிலீஷ் மீடியம்டா சாமி. விதியெல்லாம் அவன்தான் படிக்கோணும்" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. எனக்கும் இங்கிலீஷ் தெரியும். லாரிகளின் பின்னால் எழுதியிருப்பதையெல்லாம் வாசிப்பேன். இங்கிலீஷ் மீடியம் அண்ணனோ முதல் பக்கத்திலேயே முழித்தான். கடைசியில் ராசிபுரத்தில் கல்லூரி படித்துக்கொண்டிருந்த அவனுடைய அக்கா வந்து உட்கார்ந்து படித்துச் சொன்னாள். அப்போதும் மாமாவின் கை அண்ணன் தோளில்தான் கிடந்தது. "எங்க சிங்கக்குட்டி" என்றார். அந்தக் குட்டிக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்ததை நான் எடுத்துச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

மாமாவுக்கு அந்த ஆட்டம் லேசில் புரியவே இல்லை. ரிக் எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுகிற மனிதர், ஒவ்வொரு விதிக்கும் மூன்று சந்தேகம் கேட்டார். தினமும் சாப்பிட்ட கையோடு, "அந்தத் தற்காப்புச் சூடுன்னு வர்ற எடம் இன்னும் வெளங்கலையே" என்று பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். நானும் பின்னாலேயே ஓடுவேன், அண்ணன் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிடாமல் இருக்க.

ஆயுத பூஜைக்கு வண்டிக்குச் சந்தனம் பூசும்போது மாமா அறிவித்தார்.

"யாரு செயிக்கறீங்களோ, அவங்கள கேபின்ல ஏத்திக்கிட்டுப் போயி சேலத்துல அத்தை ஊட்டுல உடறேன்."

அந்தக் கேபினில் ஏறுவதற்காக நான் கொல்லிமலையையே பெயர்த்து வைத்திருப்பேன்.

ஆட்டத்தில் என் பக்கம் தற்காப்பு. தெருமுனை வீட்டில் என்னுடைய பெரிய துப்பாக்கி. அண்ணன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, இரண்டே சிப்பாய் இருந்த ஒரு நோஞ்சான் அட்டையை வெட்டவெளியில் நகர்த்தினான். அவன் விரல் பட்ட எதையும் என்னால் சும்மா விட முடியவில்லை. சுட்டேன். அட்டை செத்தது. நான் ஆடினேன். சுட்ட துப்பாக்கி மேல் வைக்கிற 'சுட்டாச்சு' அட்டைகள் தொலைந்துபோயிருந்ததால் அக்கா என் துப்பாக்கி மேல் ஒரு புளியங்கொட்டையை வைத்தாள்.

பிறகு அண்ணன் தன் பெரிய படையைக் கிளப்பினான்.

"இதையும் சுடறேன்" என்றேன்.

"மேல புளியங்கொட்டை இருக்குது. எதைடா சுடுவே?"

"அதெப்புடி? ஒருக்கா சுட்டா துப்பாக்கி செத்தாடா போயிரும்? மாமா, இவன் புளுகறான்!"

மாமா என் பக்கம் பேசினார். அப்படித்தான் நினைத்தேன். "ஏனுங்க அம்மிணி, பையன் அழுகறான். அந்த எடத்தை இன்னொருக்கா படிங்களே" என்றார். அவள் படித்தாள். இன்னொருமுறை கேட்டார். அதற்கும் படித்தாள். எனக்காக இவ்வளவு மன்றாடுகிறாரே என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அக்கா புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "அவன் நகரும்போதே நீ சுடலாம் கண்ணு. சுட்டுட்டா, அந்தச் சுத்து முடியற வரைக்கும் உன் துப்பாக்கி சும்மாதான். மொதல்ல வந்தவன் உன்னை ஏமாத்த வந்தவன். அவனை உட்டிருக்கோணும்."

"ஏமாத்தவே ஒருத்தன் வருவானுங்களா?" என்றார் மாமா.

"வருவானுங்க. அவன் மேலயே எல்லாத்தையும் தீத்துட்டா, நெசமா வர்றவன் சாவகாசமா நடந்து வந்துருவான்."

மாமா தலைகுனிந்து சிரித்தார். அக்காவும் சிரித்தாள். நான் தோற்பதைப் பார்த்து இரண்டு பெரியவர்கள் அப்படிச் சிரிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பெரிய படை சாவகாசமாக நடந்து வந்து என் வீட்டைப் பிடித்தது. நான் ஆட்டத்தைக் கலைத்துவிட்டு ஓடினேன்.

அடுத்த தை மாதம் அந்த அக்கா எனக்கு அத்தையானாள். கல்யாணத்தில் மாமா பக்கத்தில் மச்சான் என்று மாலை போட்டுக்கொண்டு நின்றவனும் அந்த மூக்கொழுகிதான். அதற்கும் எரிந்தேன்.

ஆனால் ஜெயித்தவனை ஏற்றிக்கொண்டு வண்டி சேலத்துக்குக் கிளம்பிய அந்தக் காலையில் எனக்கு ஒன்றும் தெரியாது. அக்கா கல்லூரி பஸ்ஸை விட்டிருந்தாள். "மாப்ள, அப்படியே இவளையும் ராசிபுரம் பிரிவுல எறக்கி உட்டுருங்க" என்று பெரியப்பாவே சொன்னார். எலுமிச்சம்பழம் டயரில் நசுங்கியது. அண்ணனுக்கு ஜன்னலோர இடம். வெளியே தலையை நீட்டி எனக்குக் கையாட்டினான். வண்டி ரோட்டில் ஏறி மறையும்வரை அந்த ஜன்னலையே முறைத்துக்கொண்டு நின்றேன். நடுவில் உட்கார்ந்திருப்பது யார் என்று பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.